பறித்து வைப்பதும் ஒரு பூச்சி மருந்துதான்

மலையில் குச்சியை நட்டாலே பூக்கும் என்று கீழே மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் சொல்வார்கள். பூக்கும்தான். ஆனால் அந்தப் பூவைத் தின்னக் காத்திருப்பவை எத்தனை என்பது இங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால்தான் தெரியும். இலைப்பேன், அசுவினி, செம்பேன், ஓடில்லா நத்தை, வெட்டுப்புழு, காதுப்பூச்சி, அது போதாதென்று முள்ளம்பன்றி, காட்டெருமை. குன்னூரில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் எங்கள் வீடு. வாசலில் படிப்படியாக இறங்கும் கொஞ்சம் நிலம், அதில் ரோஜா, டேலியா, ஹைட்ராஞ்சியா, கிளாடியோலஸ், கல்லா லில்லி, ஜெரேனியம். இவற்றோடு இத்தனை காலம் இருந்து பார்த்ததில் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பூவைச் செடியிலேயே விட்டு அழகு பார்ப்பது மலையில் சரிப்படாது. சரியான வேளையில் பறித்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். பறிப்பதே பாதி மருந்து. மீதிப் பாதிக்கும் விஷம் வேண்டாம், ஏனென்றால் அந்தப் பூ சாப்பாட்டு மேசையில் வந்து உட்காரப்போகிறது, பிள்ளைகள் மூக்கை உள்ளே விட்டு முகரப்போகிறார்கள்.

பறிப்பது எப்படி மருந்தாகும் என்று கேட்பீர்கள். இலைப்பேனை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, மஞ்சள் ரோஜா வைத்திருப்பவர்களுக்கு இதன் வேலை நன்றாகத் தெரியும், மொட்டு விரியும்போதே இதழ் ஓரம் பழுப்பாகக் கருகி நிற்கும், சில மொட்டு விரியாமலே வாடிப்போகும். ஒரு வெள்ளைத் தாளைப் பூவுக்கு அடியில் பிடித்துக்கொண்டு காம்பை இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். முதலில் தாளில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் தூசு என்று நினைத்தது நகரத் தொடங்கும். மெலிந்த மஞ்சள் கோடு, நீளம் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. இது இதழ் இடுக்கில் ஒளிந்திருப்பதால் மேலே எதை அடித்தாலும் உள்ளே போய்ச் சேராது. முட்டையையே இதழின் சதைக்குள்தான் வைக்கும், குஞ்சு அங்கேயே உறிஞ்சி வளர்ந்து, மண்ணில் விழுந்து உருமாறி, சிறகு முளைத்துத் திரும்ப மேலே வரும். மலர்ந்து முதிர்ந்த பூதான் அது பெருகும் இடம். அதனால் மொட்டு இளகி ஒன்றிரண்டு இதழ் பிரியும் வேளையிலேயே பறித்துவிட்டால் அதற்குக் குடும்பம் நடத்த இடமே கிடைப்பதில்லை. வாடிய பூவைக் கிள்ளிச் செடிக்கு அடியிலேயே போடுவதும் கூடாது, கீழே விழுந்தால் மண்ணுக்குள் இறங்க அதற்கு வசதியாகப் போய்விடும். மூடி போட்ட வாளியில் போட்டு வெயிலில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் எல்லாம் வெந்துவிடும், அப்புறம் உரக்குழியில் கொட்டலாம்.

செடிக்கும் இதில் லாபம். பூ பழுத்து விதை கட்டும் வேலை இல்லையென்றால் அடுத்த தளிரை விடும். 1995-ல் ஆரம்பித்த ஊட்டி ரோஜா பூங்காவுக்குச் சீசனில் காலையிலேயே போய்ப் பாருங்கள், கூட்டம் வருவதற்கு முன்னால் வாடிய பூக்களைக் கத்தரித்துக்கொண்டே போவார்கள். நாம் பார்க்கும் அழகுக்குப் பின்னால் அந்தக் கத்தரி இருக்கிறது.

சரி, மீதிப் பாதிக்கு வேப்பெண்ணெய். இதில் மலைக்காரர்களுக்கு இரண்டு சிக்கல். ஒன்று, இந்த உயரத்தில் வேப்பமரம் வளராது. கீழே வாசலில் உதிர்ந்து கிடக்கும் கொட்டையைப் பொறுக்கிக் கரைசல் வைப்பார்கள், நாம் மேட்டுப்பாளையம் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு எண்ணெயாக வாங்கிவரச் சொல்ல வேண்டும். இரண்டாவது, டிசம்பர் குளிரில் அந்த எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். உறைந்ததை ஸ்பூனால் தோண்டித் தண்ணீரில் போட்டால் கரையாது, தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்து, எண்ணெய் இளகியதும் லிட்டருக்கு 5 மில்லி அளவில் எடுத்து, முதலில் கொஞ்சம் சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கி, பால் நிறம் வந்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். மலர்ந்த பூ மேல் வேண்டாம். இதழ் கறைபடும், தேனீ வரும், அப்புறம் அந்த வாடையைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தால் யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் வீட்டில் முறை இதுதான், முதலில் பறி, பிறகு தெளி.

செம்பேனுக்கு எண்ணெய்கூட அவ்வளவு தேவைப்படுவதில்லை. மாசி, பங்குனியில் மழையில்லாத நாட்களில் தேயிலையிலும் வரும், ரோஜாவிலும் வரும், இலை செம்பு நிறமாக மங்கும். ரோட்டோரச் செடியில் புழுதி படிந்தால் இன்னும் அதிகம். அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிட்டாலே பாதி குறைந்துவிடும்.

அசுவினியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ரோஜாத் தளிரில் பச்சைப் பச்சையாக அப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கடைக்கு ஓடி மருந்து வாங்கி அடித்துவிடுகிறார்கள். அசுவினி ஆணோடு சேராமலே குட்டி போடும், அதனால்தான் நேற்று நாலாக இருந்தது இன்று நாற்பதாகத் தெரிகிறது. ஆனால் அடிப்பதற்கு முன்னால் ஒரு தளிரைக் கையில் பிடித்துக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பாருங்கள். பச்சைக் கூட்டத்துக்கு நடுவே சில மட்டும் உப்பி, வைக்கோல் நிறத்தில், அசையாமல் இலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தொட்டால் நகராது. முதுகில் ஊசிமுனையால் வெட்டி எடுத்த மாதிரி வட்டமாக ஒரு துளை. அது செத்த அசுவினி. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு குளவி அதன் வயிற்றுக்குள் முட்டை வைத்து, புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, கூரையை வெட்டிக்கொண்டு வெளியே பறந்துபோயிருக்கிறது. துளை இல்லாமல் உப்பி நிற்பவற்றுக்குள் குளவி இன்னும் இருக்கிறது. அந்தத் தளிரில் மருந்து அடித்தால் நமக்காக வேலை செய்ய வந்ததைத்தான் முதலில் கொல்கிறோம். பொறிவண்டின் குஞ்சும் அப்படித்தான், கறுத்த உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு முரட்டுத்தனமாக இருக்கும், பொறிவண்டுச் சாயலே இருக்காது. புழு என்று நசுக்கிவிடுகிறார்கள், பார்க்கும்போது மனசு பதறுகிறது. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் அசுவினி தின்னக்கூடியது.

எறும்பு ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கும், பொறிவண்டைக் கடித்து விரட்டும். தண்டில் ஒரு துணியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி எறும்பை நிறுத்திவிட்டால் மற்றதை அந்த வண்டுகள் பார்த்துக்கொள்ளும். தளிர் ரொம்பவே நிரம்பிவிட்டால் விரலால் வழித்துவிடலாம், அல்லது குழாய்த் தண்ணீரை வேகமாக அடிக்கலாம், கீழே விழுந்தவை பெரும்பாலும் திரும்ப ஏறாது. இன்னொன்று, ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரியால் வெட்டிய மாதிரி அரைவட்டமாகத் துண்டு போயிருந்தால் பதற வேண்டாம். அது இலைவெட்டித் தேனீ, கூட்டுக்குள் குஞ்சுக்கு அறை கட்ட எடுத்துப்போகிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது, அதை விட்டுவிடுங்கள்.

ஓடில்லா நத்தைதான் குன்னூரின் உண்மையான எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு அடைமழை. மேற்கே கூடலூர் ஆடியில் நனைந்தால் நாங்கள் தீபாவளியை ஒட்டி நனைவோம். அந்த ஈரத்தில் இளந்தளிர் ஒரே ராத்திரியில் காணாமல் போகும், மினுமினுப்பான தடம் மட்டும் மிச்சமிருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து சிறு பிள்ளையாகப் பெற்றோரோடு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். நான் பகலில் தொட்டி தொட்டியாகத் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு, "தங்கச்சி, வெயில்ல தேடுனா எங்க கெடைக்கும்? சாப்பிட்டு முடிச்சு டார்ச் எடுத்துக்கிட்டு வாங்க, அதுங்களும் அப்பத்தான் சாப்பிட வரும்" என்றார். அவரோடு போனேன். மழை விட்ட இரவில் எட்டரை மணிக்கு மேல் டார்ச் அடித்தால் ஒவ்வொரு தண்டிலும் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது, கொம்பு நீட்டி, வலப்பக்கம் மூச்சுத் துளையைத் திறந்து மூடிக்கொண்டு. ஒரு குச்சியால் எடுத்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். அவர் சொல்லிக்கொடுத்த இன்னொரு வழி, சாயங்காலம் முட்டைக்கோஸின் மேல் இலைகளைச் செடியடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டு விடிந்ததும் தூக்கிப் பார்ப்பது. மார்க்கெட்டில் உரித்துப் போடும் இலை சும்மாவே கிடைக்கும். அதற்கடியில் கும்பலாக ஒண்டியிருக்கும். தொட்டிக்கு அடியில் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது நத்தை முட்டை, சுரண்டி வெயிலில் போடுங்கள்.

உப்பு மட்டும் தூவாதீர்கள். நத்தை சாகும், கூடவே மண்ணும் கெடும். நத்தைக்கென்று கடையில் விற்கும் குருணையில் மெட்டால்டிஹைடு என்ற நஞ்சு இருந்தால் வாங்காதீர்கள், நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது பரவாயில்லை. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். அதன்மேல் ஏறிப் போவதை நானே டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். சாம்பல் காய்ந்திருக்கும்வரை தடுக்கும், மழையில் பயனில்லை. ஹைட்ராஞ்சியா பக்கம் சாம்பலைக் கொண்டுபோகவே வேண்டாம். நம் மண் அமில மண், தேயிலைக்கு ஏற்றதாக இருப்பதே அதனால்தான். அந்த அமிலத்தில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்வழி ஏறுவதால்தான் இங்கே ஹைட்ராஞ்சியா அப்படி ஒரு நீலத்தில் பூக்கிறது. சாம்பலோ சுண்ணாம்போ தொடர்ந்து விழுந்தால் நீலம் மங்கி ரோஸ் நிறத்துக்குத் திரும்பிவிடும். ரோஸ்தான் பிடிக்கும் என்பவர்கள் தாராளமாகப் போடலாம், எனக்கு அந்த நீலம் போனால் தாங்காது.

வெட்டுப்புழுவுக்குப் பழைய தகர டப்பா போதும். இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து வளையமாக்கி, நாற்றைச் சுற்றி மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழம் அழுத்திவிடுங்கள். புழு ராத்திரி மண்மட்டத்தில் ஊர்ந்து வந்துதான் தண்டை அறுக்கும், தகரத்தைத் தாண்ட முடியாது.

காட்டெருமைக்கு மருந்து கிடையாது. குன்னூர், கோத்தகிரி ரோட்டில் அது நடப்பது இப்போது யாருக்கும் செய்தியே இல்லை. வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரை இருக்கும், வாசலுக்கு வந்துவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது ஒன்றுதான் வழி. கல்லெறிவது, பட்டாசு வெடிப்பது, செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டே போவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. நாம் செய்யக்கூடியது நடுகிற இடத்தைத் தீர்மானிப்பது. ரோஜாவும் செம்பருத்தியும் சுவரை ஒட்டி, படிக்கட்டுக்கு மேலே. வேலியோரம் கல்லா லில்லி, அதன் இலையில் நாக்கை அறுக்கும் நுண்ணிய ஊசிப் படிகங்கள் இருப்பதால் எருமை அதில் வாய் வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் முள்ளம்பன்றிக்கு அதே கல்லாவின் கிழங்கு விருந்து. இந்தச் செடி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது, அங்கேயும் முள்ளம்பன்றி அதைத் தோண்டித் தின்னும். இங்கே ஓடைக்கரையெல்லாம் தானாகவே பரவிக் கிடப்பதால் கொஞ்சம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். டேலியாக் கிழங்கை அப்படி விட முடியாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது பறித்த பூவுக்கு வருகிறேன். விடிந்து பனி உலர்ந்ததும், வெயில் ஏறுமுன் பறிப்பது நல்லது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு வேளை உண்டு. ரோஜா இளகிய மொட்டாக. கிளாடியோலஸ் அடிமொட்டு நிறம் காட்டியதும், மற்றவை தண்ணீரில் வரிசையாக விரியும். டேலியா மட்டும் முக்கால்வாசிக்கு மேல் மலர்ந்த பிறகே, மொட்டாகப் பறித்தால் மொட்டாகவே நின்றுவிடும். டேலியாவைப் பறித்ததும் தலைகீழாகப் பிடித்துச் சற்று உதறுங்கள், காதுப்பூச்சி இருந்தால் விழும். உள்ளே கொண்டுவருமுன் எல்லாப் பூவையும் ஒரு வாளித் தண்ணீரில் கழுத்துவரை நிறுத்தித் திண்ணையில் ஒரு மணி நேரமாவது வையுங்கள், ஒட்டிக்கொண்டு வந்தவை இறங்கிப்போகும், பூவும் நன்றாகக் குடித்துக்கொள்ளும்.

ஹைட்ராஞ்சியா பறித்த அரைமணியில் தலை தொங்குகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெட்டிய இடத்தில் பிசின் சுரந்து அடைத்துக்கொள்வதுதான் காரணம். காம்பைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயைப் படிகாரப் பொடியில் அழுத்தித் தண்ணீரில் வையுங்கள். அப்படியும் தொங்கினால் பூத்தலையையே குளிர்ந்த தண்ணீரில் முழுக அமிழ்த்தி முக்கால் மணி நேரம் விடுங்கள். நாம் இதழ் என்று நினைப்பது புல்லிவட்டம், அது தண்ணீரை நேராகவே உறிஞ்சும். தொங்கிய தலை நிமிர்ந்து வருவதைப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். லில்லி வைப்பவர்கள் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள், துணியில் பட்டால் கறை போகாது, வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம், அதற்கு நஞ்சு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு இலைகூட இருக்கக் கூடாது, இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். இவ்வளவுதான்.

தினமும் இப்படிப் பறிக்க ஆரம்பித்தால் வைக்கப் பாத்திரம் போதாது. அதற்காகக் கண்ணாடி ஜாடி வாங்கப் போகாதீர்கள். நீலகிரியில் பழைய சாமானுக்குப் பஞ்சமே இல்லை. எஸ்டேட் பங்களாக்கள் கைமாறும்போதெல்லாம் நூறு வருஷச் சாமான் ஒரு லாரியில் இறங்குகிறது. நல்ல தேக்கு மேசையும் பித்தளைக் கட்டிலும் பழம்பொருள் வியாபாரிக்குப் போய்விடும். நான் போவது அதற்கும் கீழே, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் காயலான் கடைக்கு. எல்லாமே எடைக்குத்தான். ஒரு எனாமல் ஜக்கைக் கையில் எடுத்தால் கடைக்காரத் தம்பி, "அக்கா, அதுல அடியில ஓட்டைக்கா, தண்ணி நிக்காது" என்று நல்ல மனதோடு எச்சரிப்பார். உள்ளே ஒரு ஜாம் பாட்டிலை இறக்கிவிட்டால் தண்ணீர் நின்றுவிட்டுப் போகிறது. நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமலில் நாலு கல்லா லில்லியை நீளக் காம்போடு சாய்த்து வைத்துப் பாருங்கள், வேறு எதுவும் அந்த அறைக்கு வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பித்தளைக் கூஜா. அந்தக் காலத்தில் ரயில் பயணத்துக்குத் தண்ணீர் எடுத்துப்போன திருகுமூடிக் கூஜா, மூடி தொலைந்துபோனதால் எடைக்கு வந்துவிட்டது. கழுத்து குறுகி வயிறு அகன்றிருப்பதால் பூக்களைத் தானாகவே கூட்டிப் பிடித்துக்கொள்ளும், ரோஜாவுக்கு அதைவிட நல்ல பாத்திரம் நான் பார்த்ததில்லை. வெளிப்பக்கம் புளி போட்டுத் தேய்த்தேன், ஆனால் முழுவதும் பளபளக்க விடவில்லை, கைப்பிடி சேரும் இடத்தில் கறுப்பை அப்படியே விட்டிருக்கிறேன். அதில் இரும்புச் சிவப்பு டேலியாவும் வைக்கலாம்.

ஊட்டி இந்துநகர்ப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் பழைய சாமானில் சில சமயம் வட்டமான ஃபிலிம் டப்பா கிடைக்கும். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கிய கம்பெனி, ஒரு காலத்தில் ஊட்டியில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது, இப்போது மூடிக் கிடக்கிறது. தட்டையான அந்தத் தகர வட்டத்தில் தண்ணீர் ஊற்றி, காம்பைக் குட்டையாக வெட்டிய ஹைட்ராஞ்சியாத் தலைகளை மிதக்கவிட்டால் சாப்பாட்டு மேசைக்குச் சரியான உயரம், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மறையாது. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர், அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், டப்பாவைத் தடவிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்காக அவர் சொன்ன நன்றி எனக்குப் பெரிய பரிசு.

பூவைப் பாத்திரத்தில் நிறுத்தப் பச்சை நிற ஸ்பாஞ்சுக் கட்டி விற்கிறார்கள். அது பிளாஸ்டிக், கையால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்து தண்ணீரோடு ஓடைக்குப் போகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2019-லிருந்து மாநிலம் முழுக்கத் தடை செய்திருக்கிறார்கள், நீலகிரியில் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே கட்டுப்பாடு உண்டு. இங்கே உட்கார்ந்துகொண்டு அதை வாங்க எனக்கு மனசு வராது. கோழிக்கூண்டுக் கம்பிவலையில் ஒரு முழம் வெட்டிப் பந்தாகச் சுருட்டிப் பாத்திரத்துக்குள் திணியுங்கள், காம்பு நினைத்த பக்கம் நிற்கும், வருஷக்கணக்கில் உழைக்கும். அதுவும் காயலான் கடையிலேயே கிடைக்கும்.

பழைய சாமான் வாங்கும்போது அங்கேயும் பூச்சியைப் பார்க்க வேண்டும். மரச்சாமானில் சின்ன வட்டத் துளைகள் இருந்தால் கீழே ஒரு தாளை விரித்துத் தட்டுங்கள். புதுசாக வெளிர்நிறப் பொடி விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள், வீட்டுக் கதவு ஜன்னலுக்கும் பரவும். துளை பழசாகி அழுக்கேறிப் பொடி விழாமலிருந்தால் எடுக்கலாம். பழைய பெயின்ட் அடித்த சாமானை உலர்வாகச் சுரண்டாதீர்கள், அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஆகாது. ஜாடி, கூஜா எதுவானாலும் பூவுக்கு என்று வாங்கினால் பூவுக்கு மட்டும், திரும்ப ஊறுகாய் போடக் கூடாது.

இந்தக் கடைகளில் எனக்கு அதிகம் உதவிய சாமான் தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்புக்குத் தகரம் அடித்து, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பெட்டி. இப்போது தேயிலை காகிதச் சாக்கில் போவதால் பழைய குடோன்களில் கிடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பக்கத்தில் எஸ்டேட் பெயரைக் கறுப்பு மையில் அச்சு குத்தியிருப்பார்கள், அதைத் துடைத்துவிடாதீர்கள். கவிழ்த்துப் போட்டால் சோபா பக்கத்தில் ஒரு குட்டி மேசை, மேலே கூஜாவை வைக்கலாம்.

நிமிர்த்தி வைத்தால் டேலியாக் கிழங்குக்குப் பத்தாயம். ஐப்பசி மழை வலுக்குமுன் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கைக் கொத்தாகத் தோண்டி எடுங்கள். மண்ணில் விட்டால் ஒன்று ஈரத்தில் அழுகும், இல்லையென்றால் முள்ளம்பன்றி தோண்டும். மண்ணை உதறி, தலைகீழாக ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காயம்பட்டதை ஒதுக்கி, பெட்டியில் காய்ந்த மணல் ஒரு அடுக்கு, கிழங்கு ஒரு அடுக்கு என்று வைக்க வேண்டும். கழுத்துப்பகுதி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த முளை அங்கிருந்துதான் வரும், கிழங்கு மட்டும் இருந்து பயனில்லை. நிறம் மறந்துவிடும் என்பதால் ஒவ்வொரு கொத்திலும் பெயர் எழுதிய துணியைக் கட்டிவிடுவேன். மாதம் ஒரு முறை திறந்து பார்த்து, அழுகல் தெரிந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்து வெட்டுவாயில் மஞ்சள்தூளைத் தடவி வையுங்கள். மாசியில் நடலாம். பெட்டியைச் சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள், மூடி மேல் கனமாக ஒரு கல்லும் இருக்கட்டும். இங்கத்து எலிக்கு ஒட்டுப்பலகை மூடியைத் தூக்கத் தெரியும்.